காசம்மாளின் வில்லைச் சேலை

என் அக்கா காசம்மாளுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது. சந்தேகம் இருந்தால் அவளையே கேட்டுப் பாருங்கள், சொல்வாள். வில்லியனூரிலிருந்து மேற்கே விழுப்புரம் வரைக்கும் போயிருக்கிறாள், கிழக்கே கடல் வரைக்கும் போயிருக்கிறாள், அதற்கு மேல் ஓரடி எடுத்து வைத்ததில்லை. ஆனால் பர்மாவில் எந்த ஆற்றுப் பாலம் உடைந்தது, இத்தாலியில் எந்த மலைமேல் மடம் இடிந்தது என்பதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவள் மாதிரி சொல்வாள். தப்பாகச் சொன்னாலும் அதே குரல்தான். அந்தக் குரலால் என் தாலி போகப் பார்த்தது. அது தங்கியதும் அந்தக் குரலால்தான். இன்றைக்கும் அவளைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

சண்டைக் காலத்தில் துணிக்கு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணச் சேலையைக் கிழித்துத் தாவணி தைத்த வீடுகள் உண்டு. அப்போதுதான் அக்கா பழைய பட்டாளத்துத் துணி வியாபாரம் பிடித்தாள். விழுப்புரத்தில் மூட்டை மூட்டையாக ஏலம் விடுவார்கள். அவள் புருஷன் மாட்டு வண்டியில் ஏற்றி வருவார். செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டுச் சந்தையில், மாடு கட்டும் இடத்துக்குப் பக்கத்துப் புளிய மரத்தடியில் அக்கா கடை விரிப்பாள். காக்கிச் சட்டை, அரைக்கால் சராய், ஓட்டைக் கம்பளி என்று எது கொண்டுவந்தாலும் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.

அந்தச் சட்டைகளின் தோளில் துணி வில்லைகள் தைத்திருக்கும். பட்டாளத்தில் ஒவ்வொரு பெரும்படைக்கும் ஒரு படம். ஒன்றுக்குப் புலி, ஒன்றுக்குக் கத்தி பிடித்த கை, ஒன்றுக்குச் சீட்டுக்கட்டில் வரும் கறுப்பு இஸ்பேடு. வில்லையோடு சட்டையை விற்க முடியாது. எங்கள் பக்கத்து எல்லை உங்களுக்குத் தெரியுமே, இந்த வரப்பு பிரெஞ்சுக்காரன், அந்த வரப்பு இங்கிலீஷ்காரன். வில்லை போட்ட சட்டையோடு ஒருவன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனால்கூட, பட்டாளத்திலிருந்து ஓடி வந்தவனா என்று அந்தப் பக்கத்துப் போலீஸ் பிடித்து உட்கார வைத்துவிடும். அதனால் துணி வியாபாரிகள் எல்லாரும் வில்லையைப் பிய்த்து அடுப்பில் போட்டுவிடுவார்கள்.

அக்காவும் போட்டிருப்பாள். முதல் மூட்டையில் அவள் கையில் வந்தது கறுப்புப் பூனை.

"பூனைய எப்பிடிடீ அடுப்புல போடறது? அந்தப் பாவம் ஏழு ஜென்மத்துக்கும் வுடாது" என்று அதை எடுத்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு பூனையை வைத்துவிட்டுப் புலியைக் கொளுத்துவது நியாயமா என்று புலியை வைத்தாள். அப்படியே எல்லாம் சேர்ந்துவிட்டது.

சும்மா சேர்த்து வைத்திருந்தால் அவள் காசம்மாளே இல்லை. சந்தைக்கு வரும் சிப்பாய்கள், லீவில் வந்தவர்கள், காயம்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் யாராக இருந்தாலும் ஒரு சொம்பு மோரைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்த்திவிடுவாள். "இந்தப் பூனைக்காரன் எங்க சண்ட போட்டான், சொல்லு." அவர்களும் சொல்வார்கள். வீட்டில் பெண்டாட்டியிடம் சொல்லாததை அந்தப் புளிய மரத்தடியில் சொல்லி அழுதவர்கள் உண்டு. பூனைப் படை பர்மாவிலிருந்து பின்வாங்கும்போது, ஆள் கரையேறுவதற்கு முன்னாலேயே பாலத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்களாம். நீந்தத் தெரிந்தவன் பிழைத்தான். இஸ்பேடுக்காரர்களை அரக்கான் சேற்றில் குண்டைவிட அட்டைதான் அதிகம் கடித்ததாம்.

கேட்டதை மறக்காமல் இருக்க அக்கா ஒரு வழி செய்தாள். நைந்துபோன கருநீலச் சேலை ஒன்றை எடுத்து, முந்தானை மேற்கு, உள்கட்டு கிழக்கு என்று வைத்துக்கொண்டாள். பர்மாவில் சண்டை போட்டவன் வில்லை உள்கட்டுப் பக்கம், ஆப்பிரிக்கா போனவன் வில்லை முந்தானைப் பக்கம். நடுவில் ஒரு சிவப்பு முடிச்சு, அதுதான் மதகடிப்பட்டு. சந்தையில் அந்தச் சேலையைக் கயிற்றில் தொங்கவிட்டால், பட்டாளத்துக்காரன் எவனும் தாண்டிப் போக மாட்டான். நேராக வந்து தன் வில்லைமேல் விரலை வைப்பான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் தணிகைவேலுக்கு லாரி ஓட்டவேண்டும் என்று ஒரே பைத்தியம். நாற்பத்திரண்டில் சொல்லாமல் கொள்ளாமல் விழுப்புரம் போய் இங்கிலீஷ்காரன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். பிரெஞ்சு ஊர்க்காரன் என்றால் சேர்ப்பார்களோ மாட்டார்களோ என்று பயந்து, இங்கிலீஷ் எல்லைக்குள் இருந்த ஒரு கிராமத்தின் பெயரைச் சொந்த ஊர் என்று சொல்லியிருக்கிறார். அங்கே வெற்றிலைக்கடை வைத்திருந்த அரங்கநாதன் அவருக்குக் கூட்டாளி. கடிதம் எல்லாம் அந்தக் கடைக்கு வரும், அரங்கநாதன் எங்கள் திருக்கனூர்ப் பக்கம் வரும்போது கொடுப்பார். அப்படி வந்ததுதான் அந்தப் போட்டோ.

போட்டோவில் அவர் லாரிமேல் சாய்ந்து நிற்கிறார். எங்கே நிற்கிறார் என்று எழுதக் கூடாதாம். தோளில் ஒரு வில்லை, அதில் ஒரு பறவை. என் மாமியார் விருத்தாம்பாள் அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முருகனுக்கு வேண்டிப் பெற்ற பிள்ளை, பெயரே தணிகைவேல். அவன் தோளில் பறவை உட்கார்ந்தால் அது வேறு என்னவாக இருக்கும்?

"சேவலு! என் அப்பன் கொடியில இருக்கிற சேவலு! எம்புள்ளைக்குக் காவலா வந்து குந்திக்கினு கீது பாருடீ!"

எனக்கும் அது சேவலாகத்தான் தெரிந்தது. தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டால் தெரியாதா? போட்டோவுக்குக் கண்ணாடி போட்டு மாட்டினோம். உயிரோடு இருக்கிறவன் படத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது. ஆனால் சேவல் முருகனுடையது ஆயிற்றே, அதற்கு வைக்கலாம் என்று அத்தை ஒரு நியாயம் கண்டுபிடித்தார். கிருத்திகை தவறாமல் கண்ணாடிமேல் அந்தப் பறவை இருக்கும் இடத்தில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தார். பழையதைத் துடைப்பது கிடையாது. கொஞ்ச நாளில் அங்கே ஒரு சந்தன வடை உட்கார்ந்துவிட்டது.

அந்த வருஷமே அரங்கநாதன் ஊரில் காலரா. மனுஷர் போய்விட்டார், கடை மூடிவிட்டது. எங்களுக்குக் கடிதம் நின்றது.

அக்கா அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்கு வந்து போட்டோவைப் பார்த்தாள். என்னத்தைப் பார்த்தாள்! தோளில் சந்தனம்தான் இருந்தது.

"இன்னா வில்லடி இது?"

"சேவலுக்கா."

"சேவலா? அப்ப பர்மாதான். மஞ்ச வட்டத்துல செவப்புச் சேவலு, எங்கிட்டயே கீது. இம்பால் சண்டைக்குப் போன படை. நீ கவலப்படாத, நான் விசாரிக்கிறேன்."

விசாரித்தாள். சேவல்மேல் விரல் வைத்தவனை எல்லாம் பிடித்து உலுக்கினாள். நாற்பத்தைந்து புரட்டாசியில், கால் போய்ப் படையிலிருந்து வந்த ஒருவன் சொன்னான். மலைப்பாதையில் எதிரி வழியை மறித்துக்கொண்டானாம். சேவல் படைக்கு அரிசி ஏற்றிப் போன லாரிகளில் தமிழ் ஆட்கள் இருந்தார்களாம். ஒரு லாரியும் திரும்பவில்லையாம்.

அக்கா அதை மறைக்கத் தெரியாதவள். அன்று சாயங்காலமே வண்டி கட்டிக்கொண்டு திருக்கனூர் வந்து, என் வாசலில் நின்று, அதே குரலில் சொன்னாள். "அமுதம், மனச கல்லாக்கிக்கோ. அவுரு இல்ல." சொல்லிவிட்டு என்னைவிட அதிகமாக அவள்தான் அழுதாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். காசம்மாள் சொன்னால் ஊரே நம்பும். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உன் வில்லையும் வேணாம், நீயும் வேணாம், போய்த் தொல" என்று கதவைச் சாத்தினேன். அதற்குப் பிறகு அவளோடு பேசவே இல்லை.

அத்தை மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். காரியம் செய்யாமல் விட்டால் பிள்ளையின் ஆவி அந்த மலையிலேயே தவிக்கும், சோறு தண்ணீர் கிடைக்காது. அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். பெற்றவளுக்குப் பிள்ளை பசியோடு இருக்கிறான் என்ற நினைப்பு எப்படி இருக்கும்? தை மாதத்தில் நாள் குறித்தார்கள். உடம்பு கிடைக்காதவனுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து கொளுத்திவிட்டு எனக்குத் தாலி வாங்குவது என்று முடிவானது. நானும் சரி என்றேன். அழுது அழுது எனக்கே ஓய்ந்துபோயிருந்தது.

இப்படிப்பட்ட நாளில் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் காசம்மாள்தான்.

காலையிலேயே வந்துவிட்டாள். கூடையில் புதுச் சேலை. துணியே கிடைக்காத காலத்தில் அதை எங்கே தேடிப் பிடித்தாளோ தெரியாது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பேசாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாலை போடவேண்டுமே என்று அத்தை போட்டோவைச் சுவரிலிருந்து இறக்கினார். ஈரத் துணியால் அந்தச் சந்தனத்தைத் துடைத்தார், அது அசையவில்லை. கல் மாதிரி இறுகியிருந்தது. சாம்பலைப் போட்டுத் தேய்த்து, நகத்தால் சுரண்டிப் பெயர்த்தார். "இனிமே உனுக்கு இன்னா காவலு வேண்டிக்கெடக்கு" என்று விம்மிக்கொண்டே கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துப் பலகைமேல் சாய்த்து வைத்தார். மாலையை எடுத்தார்.

"அத்த, கொஞ்சம் இருங்க" என்றாள் அக்கா.

குனிந்து பார்த்தாள். போட்டோவைக் கையில் எடுத்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். திரும்பி வந்தபோது பழைய காசம்மாளாக வந்தாள்.

"இதுக்குக் கொண்ட எங்க?"

யாருக்கும் புரியவில்லை.

"சேவலுக்குக் கொண்ட இருக்கணும். வாலு வளைஞ்சி தொங்கணும். ரெண்டு கால்ல நிக்கணும். இது றெக்கைய விரிச்சிக்கினு பறக்குது! மூக்கப் பாரு, கொக்கி மாதிரி வளைஞ்சி கீது. வட்டம் எங்க? இது சதுரம். ஐயையோ, இது பருந்துடீ! கறுப்புச் சதுரத்துல செவப்புப் பருந்து! நம்ம தனிஸ்லாஸ் குடுத்தாரே, அது!"

தனிஸ்லாஸ் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வில்லியனூருக்குப் பக்கத்து மாதாகோயில் ஊர்க்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. சண்டை முடிந்து மார்கழியில் ஊருக்கு வந்தபோது, அக்காவின் சேலையைப் பார்த்து, இரண்டு குறுக்குக் கட்டை போட்ட தன் சிலுவை வில்லையையும் கூடவே ஒரு சிவப்புப் பருந்தையும் கொடுத்தாராம். இத்தாலியில் ஒரு தமிழ்ச் சிப்பாயிடம் சிகரெட் கொடுத்து வாங்கியதாம் அந்தப் பருந்து. அந்தப் படை பர்மா பக்கமே போனதில்லை. ஆப்பிரிக்கா மணலில் அடிபட்டு, இத்தாலி மலையில் அடிபட்டு, கடைசியாகக் கிரேக்க நாட்டுக்குப் போயிருக்கிறது. அக்கா அதைச் சேலையின் முந்தானை ஓரத்தில், மற்ற எல்லாவற்றுக்கும் எட்டாமல் தனியாகத் தைத்து வைத்திருந்தாள்.

"அந்தப் படை இன்னும் ஊருக்கே வரலன்னு அவுரு மாதாமேல சத்தியம் பண்ணாத கொறையா சொன்னாரு. வராத படைக்காரன எப்பிடி நீங்க செத்துட்டான்னு சொல்றீங்க? எடுங்க அந்த மாலைய!"

அத்தைக்கு வந்ததே கோபம். மாலையைத் தரையில் வீசினார். "அன்னிக்கி வந்து சேவலு, செத்துட்டான்னு சொன்னதும் இந்த வாயிதான். இன்னிக்கி பருந்து, உசுரோட கீறான்னு சொல்றதும் இந்த வாயிதான். எம்புள்ள உசுரு உனுக்கு வெளையாட்டாடீ?"

"அன்னிக்கி உங்க சந்தனத்தப் பாத்து சொன்னேன் அத்த. இன்னிக்கிப் பறவையப் பாத்து சொல்றேன்."

புரோகிதர் நேரம் போகிறது என்றார். உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா யாரையும் சட்டை செய்யவில்லை. கோடிச் சேலையைத் தட்டிலிருந்து எடுத்துக் கூடைக்குள் போட்டு மூடினாள். "பங்குனி உத்திரம் வரைக்கும் வுடுங்க. முருகன் நாளு. அன்னிக்கும் வரலேன்னா நானே இந்தக் கோடியக் கொண்டாந்து எந்தங்கச்சிக்குப் போடறேன். அப்புறம் வில்லைங்க அத்தனையும் அடுப்புல போட்டுடறேன், பூன உள்பட."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இவள் பேச்சை நம்பித்தானே ஒருதரம் செத்தேன், இன்னொரு தரம் நம்புவதா? ஆனால் போட்டோவை வாங்கிப் பார்த்தேன். அந்தப் பறவைக்குக் கொண்டை இல்லை. சத்தியமாக இல்லை.

"வேணாம் அத்த. காத்திருக்கலாம்" என்றேன்.

மாசி பிறந்ததும் அக்கா கடையை விழுப்புரம் ரயிலடிக்கு மாற்றிக்கொண்டாள். சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கே போய்க்கொண்டிருந்த நேரம். வண்டி வந்து நின்றதும் ஒரு முனையை நானும் மறு முனையை அவளுமாகச் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு பெட்டி பெட்டியாக நடப்போம். ஜன்னலில் தலை நீட்டுவார்கள். "ஏய், நம்ம பூனைடா!" "இஸ்பேடு இருக்குடா!" என்று கத்துவார்கள். சிலர் கேலி செய்தார்கள். சிலர் இறங்கி வந்து தொட்டுவிட்டுப் போனார்கள். முந்தானை ஓரத்துக்கு மட்டும் யாரும் விரலை நீட்டவில்லை. எனக்குத் தினமும் மனசு விட்டுப்போகும். அக்கா மட்டும், "இன்னிக்கி வந்த வண்டியில பருந்து இல்ல, அவ்ளோதான். வண்டிக்கா பஞ்சம்?" என்பாள்.

பங்குனி பிறந்து, உத்திரம் நெருங்கிவிட்டது. ஒருநாள் மத்தியானம் வந்த வண்டியிலிருந்து ஒரு கை நீண்டு, நேராக முந்தானை ஓரத்துப் பருந்தைப் பிடித்தது.

"இது எங்கம்மா கெடச்சுது உங்களுக்கு?" திருச்சிப் பக்கத்துக்காரன், செல்லப்பன் என்று பெயர். அவன் தோளிலும் அதே சிவப்புப் பருந்து.

அக்காதான் கேட்டாள். "லாரி ஓட்டறவரு, தணிகைவேலுன்னு..."

"நம்ம லாரித் தணிகையா? அவன் பெங்களூர்ல டிப்போவுல இருக்கான். எங்களோடதான் கப்பல்ல வந்தான். வீட்டுக்குப் போடான்னா போக மாட்டேங்குறான். போட்ட காயிதமெல்லாம் திரும்பி வந்துடுச்சாம், அந்தச் சுத்துவட்டாரத்துலயே காலராவுல ஒருத்தரும் மிஞ்சலன்னு எவனோ சொல்லிட்டானாம். பொண்டாட்டியும் போயிட்டா, ஆத்தாளும் போயிட்டா, இனிமே எனக்கு ஊரு எதுக்குன்னு அங்கயே லாரி ஓட்டப் போறேங்குறான்."

அட பாவி மனுஷா! இங்கே நாங்கள் அவருக்குத் தர்ப்பை அறுத்துக்கொண்டிருந்தோம், அங்கே அவர் எங்களுக்குத் தலைமுழுகிவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். சிரிப்பும் சேர்ந்து வந்தது. அக்கா வண்டியோடு கூடவே ஓடிக்கொண்டு கத்தினாள்: "தந்தி குடு தம்பி! பொண்டாட்டி உசுரோட கீறான்னு குடு! செவ்வாக்கெழம மதகடிப்பட்டுச் சந்தைக்கு வரச் சொல்லு!"

வந்தார். சந்தைக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு காக்கிச் சட்டை தயங்கித் தயங்கி வந்து, தொங்கவிட்ட சேலைக்கு முன்னால் நின்றது. கறுத்து இளைத்து, நெற்றியில் ஒரு தழும்பு. என்னைப் பார்த்ததும் அவர் முகம் கோணிக்கொண்டு போனது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "நாலு வருஷம்! ஊரு பேரக்கூட மாத்தி சொல்லிட்டுப் போன ஆம்பள" என்று கையில் கிடைத்த கம்பளியால் சாத்தினேன். அவர் வாங்கிக்கொண்டே அழுதார். அதற்குள் அக்கா பாய்ந்து வந்து அவர் தோளைப் பிடித்து, சட்டையை இழுத்துப் பார்த்தாள்.

"பருந்து! பாத்தீங்களா எல்லாரும்? நான் சொன்னேனா இல்லியா?" என்று சந்தைக்கே கேட்கும்படி கத்தினாள். பிறகுதான், "வாங்க மாப்ள, நல்லா கீறீங்களா" என்று கேட்டுவிட்டு விக்கி விக்கி அழுதாள்.

வீட்டு வாசலில் அத்தை சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். பிள்ளையின் நெற்றியை விட்டுவிட்டு, தோளிலிருந்த அந்தப் பறவைமேல் நிறையச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்.

"அத்த, அது பருந்து" என்றேன்.

"தெரியும் போடீ. உன் அக்காளுக்குப் பருந்து. எம்புள்ளையக் கொண்டாந்து வுட்டது சேவலுதான்."

அந்த வில்லையை நானே பிரித்து அக்காவுக்குக் கொடுத்தேன். சந்தனக் கறை போகவில்லை, அவளும் வெளுக்கவில்லை. ரயிலடியில் இழுபட்டுப் பழைய கருநீலச் சேலை கந்தலாகிவிட்டிருந்தது. அக்கா கூடையைத் திறந்து, எனக்கென்று வாங்கி வந்த அந்தக் கோடிச் சேலையை உதறி விரித்தாள். பூனை, புலி, இஸ்பேடு எல்லாவற்றையும் அதற்கு மாற்றித் தைத்தாள். கறை படிந்த பருந்தைச் சேலைக்கு நட்டநடுவில், மதகடிப்பட்டுச் சிவப்பு முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனால் அது காற்றில் ஆடுவதைப் பார்க்கலாம். நல்ல கெட்டித் துணி. நான் அதை ஒரு நாளும் உடுத்தவில்லை.